கையில் டிக்கெட், பறக்க விமானம் இல்லை

மதுரையில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை அழகர்கோயிலில் முகூர்த்தம். தாய்மாமனாகிய நான் இருப்பதோ டில்லியில். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். போடவேண்டிய தோடும் என்னிடம்தான் இருந்தது. மாமன் வரவில்லை என்றால் அந்தப் பேச்சு பத்து வருஷத்துக்கு ஓடும்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் சென்னை, அன்றிரவே பாண்டியனில் மதுரை என்று, இரண்டு மாதம் முன்பே நாலு பேருக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். எனக்கும் மனைவிக்கும் கிரெடிட் கார்டில் நேராக விமான நிறுவனத்திடமே டிக்கெட் எடுத்தேன். பிள்ளைகளின் பரீட்சைத் தேதி தெரிந்த பிறகு, அவர்களுக்குப் பக்கத்துக் கடைத்தெரு ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன். இந்த வித்தியாசம் பின்னால் பெரிய பாடமாயிற்று.

புதன்கிழமை இரவு செய்தி வந்தது. கையில் பணம் இல்லாததால் அந்த நிறுவனம் எல்லா விமானங்களையும் நிறுத்திவிட்டதாம்! எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. 1996-இல் ஈஸ்ட் வெஸ்ட், 2012-இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்று நம் நாட்டில் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

வியாழன் விடிகாலையில் விமான நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் ஒரே ஒரு இளைஞர். அவரைச் சுற்றி ஐம்பது பேர். நானும் என் பங்குக்குக் கத்தினேன். அவர் அமைதியாக, "சார், எங்களுக்குச் சம்பளம் வந்து மூன்று மாதமாகிறது. இன்று இங்கே வரவேண்டிய கட்டாயம்கூட எனக்கு இல்லை" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? திரும்பி வந்துவிட்டேன்.

மற்ற விமானங்களில் சென்னைக் கட்டணம் மூன்று மடங்காகியிருந்தது. ஒரு நிறுவனத்தின் இருக்கைகள் முழுவதும் சந்தையிலிருந்து மறைந்தால், மற்றவற்றில் உள்ள மலிவு டிக்கெட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகின்றன, விலையுயர்ந்தவைதான் மிச்சம். நாலு பேருக்கு அந்தப் பணம் கொடுப்பது என்னால் ஆகாது. ரயிலா? வியாழன் ரயிலுக்கான தட்கல் புதன் காலையே முடிந்துவிட்டது. வெள்ளி இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஞாயிறு காலைதான் சென்னை. இரண்டே முக்கால் மணி நேரப் பயணம் என்று நினைத்துப் பழகிவிட்டோமே தவிர, நம் ஊர் இன்னமும் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

என் மனைவிதான் வழி காட்டினாள். "மாமன் மடிதானே வேணும்? அத்தை மடியிலா காது குத்தப் போறாங்க? நீங்க மட்டும் கிளம்புங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை அவள் திரும்ப அலமாரியில் வைத்ததை நான் பார்த்தேன்.

சென்னைக்கு நேராகப் போகாமல் ஹைதராபாத் வரை பார்த்தோம். சென்னைக் கட்டணத்தில் பாதிக்குக் கிடைத்தது. பதினோரு மணிக்குத் தட்கல் திறந்ததும், வெள்ளி மாலை சார்மினார் எக்ஸ்பிரஸில் ஒரு ஸ்லீப்பர் இடம். சனி காலை சென்னை. மதியம் வைகையில் திருச்சி வரை நின்றுகொண்டே பயணம். இரவு மதுரையில் இறங்கியபோது தோடு சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

ஞாயிறு காலை குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். தங்கை முதலில் கேட்டது, "அண்ணே, மதினி வரலையா?" என்பதுதான்.

இனி பணத்தின் கதை. பாண்டியனில் எடுத்த டிக்கெட்டுகளை ரத்து செய்ததும், ரயில்வே பிடித்தம் போக மீதியைக் கொடுத்துவிட்டது. கார்டில் வாங்கிய விமான டிக்கெட்டுகளுக்கு, 'பணம் வாங்கிய சேவை கிடைக்கவில்லை' என்று வங்கிக்கு உடனே புகார் கொடுத்தேன். டிக்கெட், விமானம் ரத்தான செய்தி இரண்டையும் இணைத்தேன். இரண்டு மாதத்தில் பணம் திரும்பியது. ஏஜெண்டோ, "பணம் அன்றே கம்பெனிக்குப் போயிற்று" என்று கையை விரித்தார்.

விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்திடம் அது செல்லும். நொடித்துப்போன நிறுவனத்தின் வழக்கை 2016-ஆம் ஆண்டு திவால் சட்டப்படி தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டுவிட்டால், அதன்மேல் யாரும் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. பொறுப்பேற்கும் அதிகாரி அறிவிப்பு வெளியிடுவார். குறித்த தேதிக்குள் சான்றுகளுடன் கோரிக்கை அனுப்ப வேண்டும். சொத்துக்களை விற்கும் நிலை வந்தால் நடைமுறைச் செலவு, ஈடு பெற்ற வங்கிகள், தொழிலாளர் பாக்கி, ஊழியர் சம்பளம் எல்லாம் முந்தும். டிக்கெட் வாங்கியவர் வரிசையின் கடைசிப் பக்கம். ஜெட் ஏர்வேஸ் நின்றது 2019-இல். அதன் சொத்துக்களை விற்றுக் கணக்கை முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்!

பிள்ளைகளின் டிக்கெட்டுக்கு நானும் கோரிக்கை அனுப்பியிருக்கிறேன். கடன் வாங்கியே பழகிய குடும்பத்தில் முதன்முதலாகக் கடன் கொடுத்தவன் பட்டியலில் என் பெயர் ஏறியிருக்கிறது! அந்தக் கவுண்டர் இளைஞரின் சம்பளம் எனக்கு முன்னால் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நம்மவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். ஊரில் விசேஷம் என்றால் ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். விமான டிக்கெட்டைக் கார்டில் வாங்குங்கள். ஊழியருக்குச் சம்பளம் பாக்கி, விமானங்கள் அடிக்கடி ரத்து என்று ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்தால், அது எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்காதீர்கள். விமானம் நின்றுபோனால் அன்றைக்கே இரண்டு வேலை: முதலில் போய்ச் சேரும் வழி, அடுத்து வங்கிக்குப் புகார். சண்டை போடுவதில் பொழுதைக் கழித்தால் இரண்டும் தவறிவிடும்.

அடுத்த வருஷம் தங்கையின் மகனுக்குக் காதுகுத்து வந்தது. நாலு பேரும் ரயிலில்தான் போனோம். பட்டுப்புடவையும் வந்தது.