கணவாயின் தோல் பேசும் மொழி



ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரரிடம் சோத்தோங் வாங்குகிறோம். சம்பலுக்கு நறுக்குவதற்கு முன் அம்மா அதைக் கழுவி, மேல்தோலை உரிக்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்கிறது: "ஏம்மா, மேலெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கே, அழுக்கா?" எங்கள் வகுப்பிலும் ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

சிகாமட்டில் இருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் நம் சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் கலந்து, மலாக்கா நீரிணையில் போய்ச் சேருகிறது. கிழக்கே போனால் மெர்சிங் கடற்கரை. ஆகவே கடல் நமக்கு முற்றும் அந்நியம் அன்று.

சோத்தோங் என்று நாம் பொதுவாகச் சொல்வதைத் தமிழ்நாட்டுக் கடற்கரை மக்கள் கணவாய் என்பார்கள். அதில் மூன்று வகையை நாம் தெரிந்துகொண்டால் போதும். உடலுக்குள் கண்ணாடித் தகடு போன்ற மெல்லிய தண்டு உள்ளது ஊசிக் கணவாய். வெள்ளை ஓடு உள்ளது ஓட்டுக் கணவாய். மலாய்க்காரர்கள் இதைச் சோத்தோங் கட்டாக், அதாவது தவளைச் சோத்தோங் என்கிறார்கள். கூண்டுப் பறவைகள் கொத்துவதற்கு வைக்கிறோமே, அது இதன் ஓடுதான். மூன்றாவது, எட்டுக் கைகளை உடைய பேய்க் கணவாய். இதையே சோத்தோங் குரித்தா என்றும் ஆக்டோபஸ் என்றும் சொல்கிறோம்.

இவை மூன்றும் நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. ஆனால் நத்தைக்கு ஒளிந்துகொள்ள வீடு உண்டு, இவற்றுக்கு இல்லை. எலும்பும் இல்லை, செதிலும் இல்லை. உடல் முழுவதும் சதை. இப்படிப்பட்ட பிராணியைத் தின்னப் பெரிய மீன்கள் காத்திருக்கின்றன. ஓடு தர வேண்டிய பாதுகாப்பைத் தோலே தருகிறது.

எப்படி? அம்மா உரித்த தோலில் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறிய சாயப் பை. மஞ்சள், சிவப்பு, பழுப்பு எனச் சாயம் வேறுபடும். ரப்பர் எப்படி இழுபடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பையும் ரப்பர் போலவே இழுபடக்கூடியது. அதைச் சுற்றிலும், சக்கரத்தின் கம்பிகளைப் போல, நுண்ணிய தசைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் பரவும். தசைகள் தளர்ந்தால் பை சுருங்கி, ஊசிமுனைப் புள்ளியாகிவிடும். ஓட்டுக் கணவாய் ஒன்றின் தோலில் இத்தகைய பைகள் பல இலட்சம் உண்டு.

இந்தப் பைகளுக்கு அடியில் வேறு இரு அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணாடிச் சில்லுபோல ஒளியைத் திருப்பி நீலமும் பச்சையும் மினுக்குவது. மற்றொன்று, விழும் ஒளியை அப்படியே வெள்ளையாகத் திருப்புவது. போதாக்குறைக்கு, தோலை முட்களாகவும் முண்டுகளாகவும் எழுப்பவும் ஓட்டுக் கணவாய்க்கும் பேய்க் கணவாய்க்கும் தெரியும். பாறைமேல் இருந்தால் பாறையின் சொரசொரப்பு. மணல்மேல் இருந்தால் மணலின் வழவழப்பு.

நம் வேலியில் திரியும் ஓணானும் நிறம் மாறுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஓணான் நிறம் மாறுவதற்கு இரத்தத்தில் சுரப்புநீர் கலந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். கணவாயின் சாயப் பைத் தசைகளுக்கோ மூளையிலிருந்து நேரே நரம்பு போகிறது. நாம் விரலை மடக்குவது போல அது நிறத்தை மாற்றுகிறது. ஒரு நொடிகூட ஆகாது. இதில் வியப்பு என்னவென்றால், பெரும்பாலான கணவாய்களுக்கு நம்மைப்போல் நிறங்களைப் பிரித்தறியும் கண் இல்லை. வெளிச்சம், நிழல், கோலம் இவற்றைப் பார்த்தே சூழலுக்கு ஏற்ப உடுத்திக்கொள்கிறது.

ஒளிவதற்கு மட்டுமா தோல்? பேசுவதற்கும் அதுவே. ஆஸ்திரேலியக் கடலில் பேய்க் கணவாய்களைப் படம்பிடித்துப் பார்த்த அறிஞர்கள் 2016-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். சண்டைக்கு நிற்பது உடலைக் கறுப்பாக்கி உயர்ந்து நிற்கிறது. விட்டுக்கொடுப்பது வெளிறிப்போய் விலகுகிறது. குரல் இல்லாத பிராணி, "வா பார்க்கலாம்" என்பதையும் "எனக்கு வம்பு வேண்டாம்" என்பதையும் நிறத்தாலேயே சொல்லிவிடுகிறது.

அதே நாட்டு ஓட்டுக் கணவாய் ஒன்றின் தந்திரத்தை 2012-ல் எழுதினார்கள். ஆண் கணவாய், பெண் இருக்கும் பக்கத்து உடலில் ஆணின் கோலம் காட்டுகிறது. மறுபக்கத்தில் போட்டிக்கு வரும் ஆணுக்கோ பெண்ணின் கோலத்தைக் காட்டுகிறது! ஒரே உடல், இரண்டு வேடம். நமக்கு அருகே, இந்தோனேசியாவின் சுலாவெசி கடலில் 1998-ல் கண்டறியப்பட்ட பேய்க் கணவாய் இன்னும் ஒரு படி மேல். அது கைகளை மடக்கித் தட்டை மீனாக நீந்துகிறது. ஆறு கைகளை வளைக்குள் மறைத்து, இரண்டை மட்டும் நீட்டிக் கடற்பாம்பாகக் காட்டுகிறது.

பெற்றோர்களே, இந்தத் தோல்மொழியில் ஒரு சொல்லை மட்டும் நம் பிள்ளைகள் கட்டாயம் படித்திருக்க வேண்டும். அதுதான் நீல வளையம். நம் நாட்டுக் கடல்களிலும் உள்ள சின்னப் பேய்க் கணவாய் ஒன்று, அமைதியாக இருக்கும்போது மங்கலாகத் தெரியும். உடல் கோழிமுட்டை அளவுகூட இராது. சீண்டினால் நீல வளையங்கள் பளிச்சென்று மின்னும். "என்னைத் தொடாதே" என்பது அதன் பொருள். அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தால் ஆபத்து. 1954-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு அருகே, அதைத் தோளில் ஊர விட்ட ஓர் இளைஞர் கடிபட்டு உயிரிழந்தார்.

அந்தக் கடி வலிப்பதே இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் நஞ்சு தசைகளை முடக்கி, மூச்சையும் நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, உடனே 999-ஐ அழைக்க வேண்டும். மூச்சு நின்றால், உதவி வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சூத வேண்டும். அசையாமல் கிடக்கிறாரே என்று கைவிட்டுவிடக் கூடாது. அவருக்கு நினைவு இருக்கக்கூடும். நஞ்சின் வேகம் தணியும்வரை மூச்சைக் காப்பாற்றினால் பிழைக்க வழி உண்டு.

பள்ளி விடுமுறையில் மெர்சிங் பக்கம் வண்டி பிடித்துப் போகிறோம். பிள்ளைகள் பாறைக் குட்டைகளில் கைவிட்டுத் துழாவுவார்கள். போகுமுன் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "கண்ணால் பார், கையால் தொடாதே."

அடுத்த முறை வீட்டில் சோத்தோங் வாங்கினால், தோலை உரித்ததும் எறிந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் விரித்து, பிள்ளையைக் கூப்பிட்டு அந்தப் புள்ளிகளைக் காட்டுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. "அழுக்கா?" என்று கேட்ட பிள்ளை, அடுத்து "ஏன்?" என்றும் "எப்படி?" என்றும் கேட்கும். அப்படிக் கேட்கும்போது, அடுப்பில் வேலை இருக்கிறது என்று விரட்டிவிடாதீர்கள். படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.