வெள்ளிக்கிழமைக் கூட்டம்

வடபழனி ஆண்டவர் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர்களின் கணக்கை யாராவது எழுதி வைத்திருந்தால், அதில் நமது நண்பர் ஒருவரின் பெயர் மூன்று இடங்களில் காணப்படும். மூன்று முறையும் "இனி ஜன்மத்தில் தொடமாட்டேன்" என்றார், மனப்பூர்வமாகவே சொன்னார். முதற் சத்தியம் 40 நாள் நிலைத்தது. இரண்டாவது 11 நாள். மூன்றாவதைப் பற்றி அவருடைய மனைவி நம்மிடம் பேச விரும்பவில்லை. "அண்ணா, நீங்கள் படித்தவர். ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டாள். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் போதித்து வரும் நமக்கு வழி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மதுவிலக்கைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் சரித்திரப் பாடந்தான். 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' பத்திரிகை நடத்தியதையும், கல்கி அதில் உழைத்ததையும், 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்ததையும் வகுப்பில் உற்சாகமாகச் சொல்லுவோம். 1948-ல் மாகாணம் முழுவதும் பரவிய அந்தச் சட்டம் 1971-ல் தளர்ந்ததும், 2003 முதல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருவதும் வாசகர்கள் அறிந்த விஷயம். கடையை மூடுவதும் திறப்பதும் சர்க்கார் காரியம். கடை திறந்திருக்கும் ஊரில் ஒரு மனிதர் இன்று சாயங்காலம் குடிக்காமல் வீடு திரும்புவது எப்படி என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நாம் பார்த்ததில்லை.

முதலில் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அது நல்லதாயிற்று. பல வருஷம் தினந்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பிதற்றும் சன்னி முதலியவை வரலாம். சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் அறையில் பூட்டி வைத்துத் திருத்தும் பழைய முறையை எந்தக் குடும்பமும் கையாள வேண்டாம். குடியால் கணவரை இழந்த ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன், அவர் பெயரால் 1980-ல் தொடங்கிய ஸ்தாபனந்தான் அடையாற்றில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைப்பது. 14446 என்ற இலவச எண்ணில் மத்திய சர்க்காரின் ஆலோசனையும் கிடைக்கிறது.

நண்பரின் வைத்தியர், "உடம்பை நான் தேற்றிவிடுவேன். சாயங்காலங்களுக்கு வேறு துணை வேண்டும்" என்று சொல்லி, ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ் என்னும் சங்கத்தின் கூட்டம் நடக்கும் விலாசத்தையும் ஒரு தொலைபேசி எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு இருவரும் போய்ச் சேர்ந்தோம். வாசற்கதவில் பூட்டு தொங்கியது! கூட்டம் இடம் மாறிப் போயிருந்தது. சீட்டு பழையது.

"பார்த்தீரா வாத்தியாரே, முருகனே வேண்டாமென்கிறான்" என்று நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை. கடை மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது; அது தெரு முனையிலேயே இருந்தது. அவர் கண்கள் அந்தப் பக்கமே போயின. நாம் அவசரமாக அந்த எண்ணுக்குப் பேசினோம். மறுமுனையில் இருந்தவர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "அங்கேயே நில்லுங்கள். வருகிறேன்" என்றார். கால் மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

இந்தச் சங்கம் பிறந்த கதையும் ஒரு தொலைபேசியில்தான் தொடங்குகிறது. 1935 மே மாதத்தில் பில் வில்ஸன் என்ற அமெரிக்கர், வியாபாரம் முறிந்து, ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்துப் பாதிரிமார்களிடம் விசாரித்தார். அவர் தேடியது உபதேசியை அல்ல, தம்மைப் போல அவதிப்படும் மற்றொரு குடிகாரரை! அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் தேதியையே சங்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

நாம் சென்றது யாவரும் வரக்கூடிய திறந்த கூட்டம். பள்ளிக்கூட அறை ஒன்றில் இருபது நாற்காலிகள். தலைவர் மாலை சூடவில்லை, பொன்னாடை இல்லை, நன்றியுரை இல்லை. தமிழ் நாட்டில் இப்படியும் ஒரு கூட்டம் நடக்குமா என்று அதிசயித்தோம். ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் பேசினார். பிறகு உத்தியோகஸ்தர் ஒருவர். ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் குடிநோயாளி என்பதையும் சொல்லித் தொடங்கினார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. பிறரைத் திருத்தியே பழகிய நமக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடாயிற்று. சந்தா கிடையாது; கடைசியில் உண்டியல் சுற்றி வருகிறது. வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்று நமது நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜன்மம் முழுவதற்கும் சத்தியம் செய்யும்படி அங்கே யாரும் கேட்கவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காதிருந்தால் போதுமாம். தெய்வமும் அவரவர் கருதியபடி. "அப்படியானால் முருகன் சம்மதமா?" என்று நண்பர் கேட்டார். தாராளமாகச் சம்மதம் என்றார்கள்.

இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சுத்தானே என்று நமக்கும் சந்தேகம் இருந்தது. 27 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சீர்தூக்கிய காக்ரேன் அறிக்கை 2020-ல் வெளியாயிற்று. குடியை அறவே விட்டிருப்பதில் இந்த வழி மற்றப் பேச்சு சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சில வகையில் மேலானது என்று அது கண்டது. எல்லோரும் தேறுவதில்லை என்பதும் உண்மை. நண்பரே இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் சறுக்கினார். மறுநாள் கூட்டத்தில் அதைத் தாமே எழுந்து சொன்னாராம்.

குடும்பத்தாருக்கென்று 1951-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட அல்-அனான் என்ற தனிச் சங்கமும் உண்டு. தங்கை அதைப் பற்றி விசாரித்து வருகிறாள். சென்ற வாரம் நாம் வழக்கம்போல் துணைக்குப் புறப்பட்டபோது நண்பர் தடுத்துவிட்டார். இந்த வெள்ளிக்கிழமை குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டமாம், வாத்தியார்களுக்கு அனுமதியில்லையாம்.