எதை, எங்கிருந்து, எப்போது?

நிச்சயதார்த்தம் முடிந்த பையன்கள் சிலர் டீக்கடையில் ஓரமாக ஒதுங்கி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்கணும். எல்லாத்தையும் சேத்துப் பாக்கிற மாதிரி ஒரே டெஸ்ட் இருக்கா?”

இல்லை. பால்வினை நோய்கள் அத்தனையையும் ஒரே குப்பி ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் சோதனை கிடையாது. ஒவ்வொரு சோதனையும் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததைப் பற்றி வாயே திறக்காது. ஆகவே லேபுக்குள் போகுமுன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எதைத் தேடுகிறோம், உடம்பில் எங்கிருந்து எடுக்கிறோம், எப்போது எடுக்கிறோம். டீ வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எதை என்பது. “போன மாசம்தான் மாஸ்டர் செக்கப் பண்ணினேன், எல்லாம் நார்மல்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அந்தப் பேக்கேஜில் சர்க்கரை, கொழுப்பு, கிட்னி, லிவர் எல்லாம் இருக்கும்; பால்வினை நோய் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். ரத்தத்தில் முக்கியமாகப் பார்ப்பவை எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி. தேவைப்பட்டால் ஹெபடைட்டிஸ் சி-யும் சேரும். ஊரில் வெட்டை நோய் என்று சொல்லும் கொனோரியாவையும், அடிக்கடி அதோடு சேர்ந்தே வரும் கிளமிடியாவையும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. அவற்றைச் சிறுநீரிலோ, பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கும் ஸ்வாபிலோதான் தேட வேண்டும். ஹெர்பிஸ் கொப்புளத்தையும் அந்தரங்க உறுப்பில் வரும் மருவையும் மருத்துவர் நேரில் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். அதனால்தான் ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி அபிப்பிராயம் கேட்பது அரைகுறை வேலை.

“எரிச்சல் இல்ல, புண் இல்ல, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?” என்றும் கேட்பார்கள். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஓசையில்லாமல் கருக்குழாய்வரை ஏறித் தழும்பாக்கிவிட்டு, பிறகு குழந்தை தங்காதபோதுதான் விஷயமே வெளியே வரும். சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. அதன் முதல் புண் பொதுவாக வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான், கிருமி உள்ளேதான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ‘டாக்டர்’களுக்குக் கைராசிக்காரர் என்று பெயர் கிடைப்பது இப்படித்தான். தானாக ஆறும் புண்ணுக்கு அவர் லேகியம் கொடுப்பார், ஆறியதும் காசும் புகழும் அவருக்கு.

அடுத்தது எங்கிருந்து. சிறுநீர்ச் சோதனை என்றால் முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுப்பது நம் பழக்கம். சிறுநீரகத் தொற்றுக்கு அது சரி. கிளமிடியா, கொனோரியாவுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். குறைந்தது 1 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20, 30 மில்லியைத்தான் பிடிக்க வேண்டும். சிறுநீர்க் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமியை அந்த முதல் வீச்சுதான் கழுவிக்கொண்டு வரும். பெண்களுக்குச் சிறுநீரைவிட ஸ்வாபே மேல். தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். வாய்வழி, ஆசனவாய்வழி உறவு இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாது. வெட்கத்தில் இதை மறைத்தால் ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வரும், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மூன்றாவது எப்போது. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது என்று இன்று காலையில் சோதனைக்கு ஓடுகிறவருக்கு வரும் பதில் நேற்றையதைப் பற்றியதல்ல, அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. கிருமியோ, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளோ அளவில் பெருகிய பிறகுதான் சோதனைக்குத் தட்டுப்படும். கிளமிடியா, கொனோரியாவுக்கு ஏறக்குறைய 2 வாரம். எச்.ஐ.வி.க்கு லேபில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை என்றால் 45 நாள், உடனடி முடிவு தரும் சாதாரண கிட் என்றால் 90 நாள்வரை. சிபிலிசுக்கும் 3 மாதம் கழித்து ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆனால் எச்.ஐ.வி. பயம் இருந்தால் அந்த 45 நாளும் கை கட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால், தேவை என்று அவர் கருதும் பட்சத்தில், 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

இனி ரிப்போர்ட்டைப் படிப்பது. சிபிலிசுக்கு வி.டி.ஆர்.எல். என்ற சோதனையில் 1:8, 1:32 என்று ஒரு கணக்கு வரும். டிகாக்‌ஷனில் சரிபாதி தண்ணீர் ஊற்றுகிறீர்கள், மறுபடி சரிபாதி, மறுபடி. எத்தனை தடவை ஊற்றியும் டீயின் ருசி தெரிகிறதோ, டிகாக்‌ஷன் அவ்வளவு கெட்டி. ரத்தநீரையும் அப்படியே நீர்க்கச் செய்துகொண்டே போய், கடைசியாக எதுவரை வினை தெரிந்தது என்று எழுதுகிறார்கள். 1:32 என்பது 1:8-ஐவிட வீரியமானது. பென்சிலின் ஊசி போட்ட பிறகு 1:32 மெல்ல 1:8 ஆக இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். கர்ப்பம், மலேரியா, லூபஸ் போன்றவற்றாலும் இந்தச் சோதனை தவறாக பாசிட்டிவ் காட்டலாம். அதனால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொன்றைச் செய்து உறுதிப்படுத்துவார்கள். அதுவோ, நோய் முழுக்கக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போய் இதில் மாட்டி, ஆறிய நோய்க்கு மறுபடி அழுதவர்கள் உண்டு. பழைய சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எச்.ஐ.வி.யிலும் முதல் கிட்டில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் அது தீர்ப்பல்ல. வெவ்வேறு வகையான மூன்று கிட்களிலும் பார்த்த பிறகே உறுதி செய்வார்கள்.

எங்கே போவது? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. சோதனை அங்கே இலவசம், முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார். மற்ற பால்வினை நோய்களுக்கு ‘சுகவாழ்வு மையம்’. அறிகுறியோடு போனால் எல்லா முடிவுகளுக்கும் காத்திராமல், அறிகுறிக்கு ஏற்ற நிறப் பெட்டியில் மாத்திரை தருவார்கள். சீழ் போன்ற ஒழுக்குக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை, ஹெர்பிசுக்குச் சிவப்பு. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம், கட்டணம் இல்லை.

தயக்கத்துக்குக் காரணம் இருந்த காலமும் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்த அந்த ரத்தம் பாலியல் தொழில் செய்த பெண்களுடையது. எதைத் தேடி எடுக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது; முடிவை உங்கள் முதலாளியிடமோ சொந்தக்காரரிடமோ போய்ச் சொல்லவும் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் ‘ரொட்டீன் டெஸ்ட்’ என்று எழுதினால், அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நோய் இருப்பது தெரிந்தால் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் மூன்றும் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி.க்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து அப்படியே நிலைத்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ் என்று வந்து, முன்பு ஊசி போடாதவராக இருந்தால், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: இன்று ஒன்று, 1 மாதம் கழித்து ஒன்று, 6-ஆம் மாதம் ஒன்று.

கடைசியாக அந்தப் பையன் கேட்காமல் விட்ட கேள்வி. “அவளையும் எடுக்கச் சொல்லலாமா?” சொல்லலாம், ஆனால் ‘நீ எடு’ என்றல்ல, ‘நாம் எடுப்போம்’ என்று. ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டு மற்றவர் சாப்பிடாமல் விட்டால் தொற்று இருவருக்குள்ளும் போய்வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரே நாளில் இருவரும் போங்கள், முதலில் உங்கள் கையை நீட்டுங்கள். கடைசியாக உறவு வைத்துக்கொண்டு 3 மாதம் ஆகவில்லை என்றால், திரும்ப வர வேண்டிய தேதியையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஆணுறை.