எல்.ஐ.சி. கட்டடத்தைச் சுமப்பது எது?

சென்னை அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் 'பதினாலு மாடி' என்பர் நம் பெரியோர். தரைத்தளத்தையும் கூட்டினால் 15. உயரம் 177 அடி. 1959-இல் திறந்தபோது இந்திய மாடிக் கட்டடங்களில் உயர்ந்தது என்று பெயர் பெற்றது. தஞ்சைப் பெரியகோயில் விமானமோ அதனினும் உயரம். ஆயிரம் ஆண்டு முந்தியது. அப்படியானால் இதில் புதுமை யாது?

சுமக்கும் முறைதான், நண்பர்களே. விமானத்தில் கல்லின்மேல் கல் அமர்ந்து, கீழுள்ளது மேலுள்ளதைத் தாங்குகிறது. உயர உயர அடி தடிக்க வேண்டும். செங்கல் சுவருக்கும் அதே விதி. பதினைந்து மாடியை அவ்வாறு எழுப்பினால் கீழ்த்தளத்தைச் சுவரே விழுங்கிவிடும். மனிதர் புழங்க இடம் ஏது? எல்.ஐ.சி.யில் தூணும் உத்தரமும் பிணைந்த காங்கிரீட் எலும்புக்கூடே பாரத்தைச் சுமக்கிறது. சுவர் வெறும் சட்டை. 1961-இல் பம்பாயில் எழுந்து இதை விஞ்சிய உஷா கிரண் அடுக்கு வீடுகளுக்கும் ஆதாரம் இத்தகைய எலும்புக்கூடே.

இங்கே சாமராசநகரில் வெட்டும் கருங்கல்லை அறிவீர்கள். மேலிருந்து எத்தனை பாரம் அழுத்தினாலும் தாங்கும். அதையே நீளமாக அறுத்து, இரு முனையையும் தாங்கி நடுவில் சுமை ஏற்றினால், அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் காணும். காங்கிரீட்டின் குணமும் அதுவே. அந்த இழுப்பை ஏற்கத்தான் உள்ளே இரும்புக் கம்பி. வெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவது நம் நல்லூழ். இல்லையேல் ஒரு கோடை வெயிலே இந்த மணத்தை முறித்திருக்கும்.

வரைந்தவர்கள் இலண்டன் பிரௌனும் மௌலினும், முடித்தவர் எல்.எம். சித்தாலே. தம் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக இதைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் மாண்டார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, கட்டடமும் எல்.ஐ.சி. வசமாயிற்று.

1975 ஜூலை 11-இல் இதில் பெருந்தீ மூண்டது. மாடிகள் எரிந்தன, எலும்புக்கூடு நின்றது. 600 பாகை செல்சியசில் எஃகு தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அந்த வெம்மை உடனே கம்பியைத் தீண்டாமல் தடுப்பது, அதை மூடியிருக்கும் சில சென்டிமீட்டர் காங்கிரீட்டே. தொழிலில் இதற்குக் 'கவர்' என்று பெயர்.

என் தந்தை இந்தக் கன்னட நாட்டில் கம்பி கட்டிப் பிழைப்பவர். கம்பிக்கும் அடைப்புப் பலகைக்கும் நடுவே சிறு கட்டைகளை வைத்து அந்த இடைவெளியைக் காப்பது அவர் போன்றோர் வேலை. அவசரத்தில் ஒரு கட்டை நழுவினாலும், பூச்சு முடிந்தபின் எந்தக் கண்ணுக்கும் புலப்படாது. ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். காங்கிரீட் பிளந்து உதிரும். பழைய மாடிகளின் அடிப்புறத்தில் துருக்கம்பி பல்லிளிப்பதைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே கவர் குறைந்திருக்கும்.