யாரைக் கேட்டுப் போட்ட மதிப்பெண்?

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் கூட்டம் தொடங்கும் முன், "பேருந்து நிலையப் பாதுகாப்பில் பயணிகளுக்குத் திருப்தி என்கிறார்களே, அப்படியானால் இரவில் தனியாகப் போகலாமா?" என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். அந்தத் திருப்தியை மட்டும் நம்பி இரவுப் பயணத்தை முடிவு செய்யாதீர்கள்.

திருப்தி என்று அதிகாரிகள் சொல்வது, நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் கருத்துப் படிவத்தில் போட்ட மதிப்பெண். நள்ளிரவில் அங்கே போய் இறங்க அஞ்சிப் பயணத்தையே கைவிட்ட பெண்ணிடம் யாரும் படிவத்தை நீட்டுவதில்லை. பயந்தவர்கள் விலக விலக, மிஞ்சி நிற்பவர்களில் பயப்படாதவர்களே அதிகம். நிலையம் மோசமாகும்போதுகூட மதிப்பெண் ஏறலாம்.

இதைவிட என்னைக் கலங்கவைப்பது படிவத்தின் தலைப்புகள். கேமரா, காவலாளி, விளக்கு எல்லாம் 'பாதுகாப்பு' என்பதில் வரும். அறிவிப்பும் நடைமேடைப் பலகையும் 'தகவல் வசதி' என்று தனியே போய்விடும். இப்படிப் பிரிப்பது ஏன் தவறு என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 பிப்ரவரி 25 அதிகாலை, புனே ஸ்வார்கேட் பேருந்து நிலையத்தில் பல்டண் செல்லக் காத்திருந்த 26 வயதுப் பெண்ணிடம், உங்கள் பஸ் வேறு இடத்தில் நிற்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் காட்டிய, இருட்டில் நின்ற பேருந்துக்குள் ஏறிய பிறகு பாலியல் வன்கொடுமை நடந்தது என்பது வழக்கு. அங்கே கேமரா இருந்தது, காவலாளிகள் இருந்தார்கள், காவல் நிலையமும் கூப்பிடு தூரத்தில்தான். கேமராப் பதிவு ஆளை அடையாளம் காண உதவியது, நடந்ததைத் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணை இருட்டுக்கு அழைத்துப் போனது ஒரு பொய்த் தகவல். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்று முன்பின் தெரியாதவர் சொல்லித்தான் தெரியும் என்றால், எத்தனை கேமரா மாட்டினாலும் அந்த நிலையத்தில் பாதுகாப்பு இல்லை. ஒலிபெருக்கி அறிவிப்பையும், காலியாக நிற்கும் பேருந்துகளின் கதவுகள் பூட்டப்படுவதையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காத எந்த ஆய்வையும் நான் ஏற்கமாட்டேன்.

மற்ற கேள்விகள்:

பை சோதிக்கும் ஸ்கேனர் போதாதா? திரையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் இயந்திரம்.

ஆபத்தில் யாரை அழைப்பது? 112, பெண்களுக்கு 181-ம் உண்டு.

பை திருட்டுப் போனால்? அன்றே புகார் கொடுங்கள். கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு அழிந்து, அவற்றின் மேலேயே புதியவை பதிவாகும்.

கருத்துப் படிவம் கைக்கு வந்தால்? எந்த நேரத்தில் அங்கே போக அஞ்சுகிறீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.