உடலை அளக்கும் நாக்குகள்

2025 நவம்பரில் நடிகை கௌரி கிஷன் எழுப்பிய எதிர்ப்புக் குரல் தமிழ்நாட்டில் பெரும் விவாதமானது. படத்தில் கதாநாயகியைத் தூக்கி நடித்த நாயகனிடம், “அவருடைய எடை எவ்வளவு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அது உருவக்கேலி என்று செய்தியாளர் சந்திப்பிலேயே கௌரி கண்டித்தார். திரையுலகினர் பலரும் அவருக்குத் துணை நின்றனர்.

அந்தக் கேள்வியைக் கேட்கக் கையில் ஒலிவாங்கி இருக்க வேண்டியதில்லை. எங்கள் ராஜபாளையத்தில் எந்தக் கல்யாண மண்டப வாசலில் நின்றாலும் அதைக் கேட்கலாம். “ரெண்டு சுத்து பெருத்துட்டியேம்மா” என்பது ஒரு வரவேற்பு. இளைத்துப்போனால், “சுகர் ஏதும் வந்துருச்சா?” என்பது இன்னொன்று. பெருத்த உடலும் முறுக்கிய மீசையுமாக நிற்கும் காவல் தெய்வங்களை வலிமையின் வடிவமாகக் கும்பிடும் ஊர்தான். மனிதர்களின் உடல் என்று வந்தால் அளவுகோல் மாறிவிடுகிறது.

உடற்பயிற்சியின் தேவையை நான் மறுக்கவில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 40.4% பேரும் ஆண்களில் 37% பேரும் கூடுதல் எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உடலுழைப்பு போதவில்லை என்றும், ஆண்களைவிடப் பெண்களிடம் இந்தக் குறை மிகுதி என்றும் 2024இல் வெளியான ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்வு கூறியது. மலையடிவாரத்து அய்யனார் கோவில் சாலையில் விடிகாலையில் கைவீசி நடப்போரில் ஆண்களே மிகுதி. நூற்பாலை ஷிப்ட், அடுப்படி, பிள்ளைகளின் பள்ளி நேரம் என்று பகிர்ந்துவிட்ட நாளில் பெண்ணுக்கு எஞ்சுவது அரைமணி நேரமும் வீட்டுக்கூடமும்தான். கரோனா ஊரடங்குக்குப் பிறகு கைபேசி வழியாகப் பரவிய ‘வீட்டு உடற்பயிற்சிச் சவால்’ இத்தகையோருக்கு உண்மையிலேயே ஒரு திறப்பு.

சவாலின் கணக்கு: ஆனால், அந்தச் சவால்கள் எதை அளக்கின்றன என்பதில்தான் சிக்கல். 2019இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘75 ஹார்ட்’ சவாலில், தினமும் 45 நிமிடப் பயிற்சி இருமுறை செய்ய வேண்டும். நாள்தோறும் உடலைப் படமெடுக்க வேண்டும். ஒரு விதி தவறினாலும் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பழக்கம் உருவாகும் விதம் இதற்கு மாறானது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்றுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை.

எடைக் கருவியும் ஏமாற்றக்கூடியது. உணவைக் குறைத்துப் பயிற்சியைத் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அதில் பெரும்பகுதி நீர்தான். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது; கிளைக்கோஜன் கரையும்போது நீரும் வெளியேறுகிறது. அடுத்தடுத்த வாரங்களில் குறைவின் வேகம் மட்டுப்படுவது இயல்பு. அதைத் தோல்வி என்று எண்ணித்தான் பலரும் பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

எண் சொல்லாதது: உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியீடு, 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய அறிஞர் கெத்லே மக்கள்திரளின் சராசரியை அறிய வகுத்த சூத்திரம். தனிமனிதரின் உடல்நலத்தை அது மட்டுமே சொல்லிவிடாது. 2004இல் ‘லான்செட்’ இதழில் புணே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் குறியீடு 22.3. உடலிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாக்னிக்குக்கு 21.2%. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள்ளும் நீரிழிவின் விதை ஒளிந்திருக்கலாம். பார்வையால் எடைபோடும் பழக்கம் ஒல்லியானவரைப் பரிசோதனைக்குப் போகவிடாமலும் செய்துவிடுகிறது.

மறுபுறம், எடை குறையாவிட்டாலும் பயிற்சி வேலை செய்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரையின்படி, எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாமலேயே, பயிற்சி செய்தோரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு மற்றவர்களைவிட 0.66 புள்ளி குறைவாக இருந்தது.

சொல் செய்யும் வேலை: என் அக்கா மகள் வீட்டில் 30 நாள் சவாலைத் தொடங்கினாள். பன்னிரண்டாம் நாள் உறவினர் வீட்டு வளைகாப்பில், “டெய்லி எக்சர்சைஸ் பண்றியாமே, ஒண்ணும் தெரியலையே” என்று ஒரு பெரியம்மா சிரித்தார். மறுநாள் அவள் பயிற்சி செய்யவில்லை. அதற்கடுத்த நாளும் செய்யவில்லை. பெரியம்மா கெட்டவர் அல்லர். சொன்னால் ரோஷம் வந்து இளைப்பாள் என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் தவறு. அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், எடையின் பேரால் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் உடல்பருமன் நிலையை எட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. அவமானம் பலரை உணவிடமே ஆறுதல் தேட வைக்கிறது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் உடலை அசைக்கவே கூச வைக்கிறது.

மருத்துவர் அறைக்குள், இடுப்புச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லும் அறிவுரை வேறு. பந்தியில் இலைக்கு முன்னால் அமர்ந்திருக்கும்போது வந்துவிழும் சொல் வேறு. முன்னதில் பரிசோதனையும் பொறுப்பும் உண்டு. பின்னதில் பார்வை மட்டுமே உண்டு.

எதை அளப்பது? அவள் மறுபடி தொடங்கியபோது நான் சொன்னது ஒன்றுதான்: எடைக் கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடு; உடல் எதைச் செய்கிறது என்று எழுதி வை. நாற்காலியில் கை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது? தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினால் மூச்சு இரைக்கிறதா? அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது, ஆற்றுப் பாறைகளில் பிறர் கைபிடிக்காமல் கால் ஊன்ற முடிகிறதா? பயிற்சியின் முதல் சில வாரங்களில், தசை பெருக்கும் முன்பே, அதை இயக்கும் நரம்புகள் தேர்ச்சி பெறுவதால் வலிமை கூடுகிறது. கண்ணாடியில் தெரியாத முன்னேற்றம் இத்தகைய அளவைகளில் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமும், இரண்டு நாள்களேனும் தசைகளுக்கான பயிற்சியும்தான். அந்தப் பரிந்துரை நிமிடங்களில் இருக்கிறது, கிலோவில் இல்லை.

விமர்சனத்தை எதிர்கொள்ளவும் வழி உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எடையை அறிவிக்காதிருப்பது முதல் காப்பு. “சித்தி, என் உடம்பைப் பற்றி வேண்டாமே, வேறு பேசுவோம்” என்று மரியாதையோடு ஒருமுறை சொல்லிவிடுவது அடுத்தது. நம் ஊரில் பெரியவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல; எனவே, வீட்டில் இருக்கும் இன்னொருவர் அதைச் சொல்ல வேண்டும். கணவரோ அண்ணனோ அந்த நேரத்தில் சேர்ந்து சிரிக்காமல் இருந்தாலே பாதிச் சுமை இறங்கும்.

ஒருவரின் உடல் பெருத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்பது அவருக்கே தெரியும். நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்மீது உண்மையான அக்கறை இருந்தால், அவருக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் கிடைக்கும்படி அடுப்படி வேலையில் ஒன்றை நம் கையில் வாங்கிக்கொள்ளலாம். நாக்கு செய்யாத வேலையை அது செய்யும்.