பக்கத்து இருக்கைக்காரர்

ஒரு மதச் சபையில் இருக்கும் யாரிடமாவது, இதில் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போதனை மனதைத் தொட்டது, கொள்கை பிடித்துப் போனது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் லோஃப்லேண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரு இளம் சமூகவியலாளர்கள் இந்தப் பதிலோடு நிற்கவில்லை. ஆட்கள் சேரும்போதே கூட இருந்து கவனித்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது, கொரியாவில் சன் மியுங் மூன் தொடங்கிய சபையின் அமெரிக்கக் கிளை. கிளை என்பதே பெரிய வார்த்தை. சியோலில் சமயவியல் பேராசிரியராக இருந்த யங் ஊன் கிம் என்ற பெண்மணி 1959இல் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகருக்குத் தனியாளாக வந்து சேர்ந்தார். சொற்பொழிவு ஆற்றினார், பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினார். பலன் இல்லை. ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கப் போன பிறகுதான் காரியம் நடந்தது. அந்த வீட்டு இளம் குடும்பத்தலைவியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவரும் சிநேகமானார்கள். முதலில் சேர்ந்தது அந்த மூவர்தான். பின்னால் அவர்களுடைய கணவன்மாரில் சிலர், அப்புறம் கணவன்மாரோடு வேலை பார்த்தவர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறியதும் மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டார்கள், வானொலியிலும் விளம்பரம் செய்தார்கள். அதிலும் பலன் இல்லை.

வெளியே உள்ள உறவுகளைவிட உள்ளே உள்ள சிநேகம் கனக்கும்போதுதான் ஒருவர் சேர்கிறார் என்று 1965இல் இருவரும் எழுதினார்கள். கொள்கையைக் கற்பதெல்லாம் பிற்பாடு. வேடிக்கை என்னவென்றால், சில வருஷம் கழித்துத் தாங்கள் சேர்ந்த கதையைச் சொல்லும்போது அதே ஆட்கள் கொள்கையைத்தான் முதலில் வைத்தார்கள். வாடகைக்கு வந்த சிநேகிதி கதையில் பின்னுக்குப் போய்விட்டார்!

இந்தப் பிரியம் கொள்கைக்கு அத்தாட்சி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்பைக் கொட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்று 1970களில் பலத்த குற்றச்சாட்டுக்கு ஆளானதும் இதே சபைதான்.

சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அமெரிக்காவில் வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போய், அங்கே நெருங்கிய நண்பர்கள் மூன்று முதல் ஐந்து பேரை உடையவர்களில் 33 சதவீதத்தினர் வாழ்க்கையில் மிகுந்த திருப்தி என்றார்கள். வாரந்தோறும் போயும் அங்கே நண்பரே இல்லாதவர்களில் 19 சதவீதம்தான். வழிபாட்டுப் பக்கமே போகாதவர்களின் அளவும் ஏறக்குறைய அதேதான்.

சரி, முன்பின் தெரியாதவரைக் கூட்டம் எப்படித் தனக்குள் இழுத்துக்கொள்கிறது? ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சின்ன ஊரில் ஜூன் 23 இரவு பூக்குழி இறங்குவார்கள். நம் ஊர் தீமிதி மாதிரிதான், ஆனால் பெரும்பாலும் ஓர் ஆளை முதுகில் சுமந்துகொண்டு. நடப்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் இரு தரப்பிலும் சிலருக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள் ஆய்வாளர்கள். 2011இல் வந்த முடிவு அபூர்வமானது: கனலில் நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கியபோது, கரையில் சும்மா நின்ற சொந்தபந்தங்களின் துடிப்பும் அதே வாக்கில் ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களின் இதயமோ அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒரே இரவு, ஒரே கனல், ஒரே கூட்டம்; அப்படியும் அந்நியர் அந்நியராகவே நின்றார்.

ஆகவே வேடிக்கை பார்க்க இடம் கொடுத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. இங்கிலாந்தில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. சில வகுப்புகளில் சேர்ந்து பாடினார்கள், மற்றவற்றில் கைவேலையோ கதை எழுதுவதோ. அறிமுகமே இல்லாமல் வந்தவர்களில், பாடியவர்கள் மளமளவென்று ஒட்டிக்கொண்டார்கள். ஏழாவது மாதத்தில் மற்ற வகுப்புகளும் எட்டிப் பிடித்துவிட்டன. முதல் நாளே ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் பிரித்துப் புதியவர் கையில் கொடுக்கிற பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு பெரிய வேலை செய்கிறார் பாருங்கள்.

பாட்டுத்தான் வேண்டும் என்றுகூட இல்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. தலையை மூடிக்கொண்டு தரையில் பந்தியில் உட்கார்ந்தால், நீட்டிய இரு கைகளில் ரொட்டி விழுகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பக்கத்தில் நடப்பது. பூண்டு உரிக்கிற கூட்டத்தில் நீங்களும் போய் உட்காரலாம், ரொட்டி தேய்க்கலாம். எச்சில் தட்டுகள் தகர முழக்கம்போல் வந்து விழுகிற தொட்டியருகே கொஞ்சம் இடம் கிடைத்தால், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தட்டு தானாகக் கைக்கு வரும்.